திரையில் ஒரு வட்டம்: பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதற்படி

நடுநிலை வகுப்புகளிலேயே மாணவர்களுக்கு நிரல் எழுதும் பயிற்சி தொடங்கப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. கொள்கை அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், நாட்டிலுள்ள பள்ளிகளுள் கணிப்பொறி வசதி பெற்றிருந்தவை 57.2 விழுக்காடே என்பது கல்வி அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டுத் தகவல் தொகுப்பினால் தெரியவருகிறது. அவ்வாண்டில் இணைய இணைப்புப் பெற்றிருந்த பள்ளிகள் 53.9 விழுக்காடு. இக்குறையைக் களைவதற்கான முயற்சிகள் பலவாறு நடைபெறுகின்றன. அவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு கேள்வி உண்டு. கணிப்பொறி வந்து சேர்ந்த பள்ளியில், அதன் முன் அமரும் மாணவன் முதலில் என்ன செய்கிறான் என்பதே அது.

பெரும்பாலான இடங்களில் அவன் எதையும் செய்வதில்லை, மனப்பாடம் செய்கிறான். மேல்நிலை வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடத்தில் ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்னும் பகுதி வந்ததும், இனக்குழு, பொருள், உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் ஆகியவற்றின் வரையறைகள் குறிப்பேட்டில் ஏறுகின்றன, தேர்வில் இறங்குகின்றன. இனக்குழு என்பது யாது என்னும் வினாவிற்கு முழு மதிப்பெண் பெற்ற மாணவனிடம், ‘அதைக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து காட்டு’ என்றால் திகைத்து நிற்கின்றான். சமையலைக் கண்ணால் காணாதவனுக்குச் சமையற் குறிப்பைப் பாராயணம் செய்வித்தது போன்றதே இது.

இந்நிலையை மாற்றுவதற்குப் புதிய கருவிகள் எவையும் தேவையில்லை. திரையில் உருவங்களை வரையும் எளிய பயிற்சியே போதும். உண்மையில் இம்முறை நிரலாக்கம் பிறந்ததே படம் வரையும் முயற்சியோடு சேர்ந்துதான் என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

வரைபடத்திலிருந்து பிறந்த கருத்து

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் ஆய்வு மாணவர் 1963இல் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் வரைமுறையை உருவாக்கினார். ஒளிப்பேனாவினால் திரையைத் தொட்டுக் கோடுகளையும் வட்டங்களையும் அதில் வரையலாம். ஒரு மூலப் படத்தை வரைந்துகொண்டு, அதன் படிகளைத் திரையில் வேண்டிய இடங்களில் நிறுத்தவும் முடிந்தது. மூலத்தில் ஒரு மாற்றம் செய்தால் படிகள் அனைத்திலும் அம்மாற்றம் தானே நிகழும். இன்று இனக்குழு என்றும் பொருள் என்றும் வழங்கும் கருத்துகளின் முளை இதுவே எனலாம்.

நார்வேக் கணிப்பு மையத்தைச் சேர்ந்த ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் 1967இல் வடிவமைத்த ‘சிமுலா 67’ மொழியில் இக்கருத்து முழுமை பெற்றது. வரிசைகளில் காத்து நிற்போர், துறைமுகத்திற்கு வந்து போகும் கப்பல்கள் போன்ற நிகழ்வுகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பதற்காகத் தோன்றிய மொழி வழியில் வந்தது அது. இவர்களுக்கு 2001ஆம் ஆண்டிற்கான டியூரிங் விருது வழங்கப்பட்டது.

ஆனால் சிறுவர்களிடம் இதைக் கொண்டு சென்றவர்கள் வேறு சிலர். கலிஃபோர்னியாவிலுள்ள ஸெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கல்ஸ், அடீல் கோல்டுபெர்க் ஆகியோர் 1970களில் ‘ஸ்மால்டாக்’ என்னும் மொழியை வளர்த்தனர். அம்மொழியைப் பள்ளிச் சிறார்க்குக் கற்பிக்க அடீல் கோல்டுபெர்க் கையாண்ட வழி மிக எளியது. திரையில் ஒரு சதுரப் பெட்டி தோன்றும். அதற்கு ‘ஜோ’ என்று பெயர். ‘ஜோ, 30 பாகை திரும்பு’ என்றால் அது திரும்பும். ‘வளர்’ என்றால் வளரும். பிறகு ‘ஜில்’ என்னும் இரண்டாவது பெட்டி வரும். ஜோவுக்கு இட்ட கட்டளை ஜில்லைப் பாதிப்பதில்லை. இருவரும் ஒரே குடும்பம். ஆயினும் அவரவர் நிலை அவரவர்க்கு. வரையறை எதையும் கூறாமலேயே இனக்குழுவும் பொருளும் குழந்தைகளின் மனத்தில் பதிந்துவிட்டன. அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி படம் வரைவதற்கான ஒரு கருவியைத் தானே நிரலாக எழுதினாள்.

இதைப் பெருவெற்றி என்று கொண்டாடுவோர், ஆலன் கே பின்னாளில் எழுதியதையும் சேர்த்துப் படித்தல் நலம். நிரலாக்கம் அறியாத வயது வந்தோர்க்கு அதே பாடத்தை நடத்தியபோது, பாடத்தை அவர்கள் விரைவாகக் கற்றனர். எனினும் முகவரி அட்டைத் தொகுப்பு போன்ற சிறு வேலையைத் தாமாக வடிவமைக்கச் சொன்னபோது தடுமாறினர். மொழியைக் கற்பது வேறு, வேலையைப் பகுத்து அமைப்பது வேறு என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இந்தியாவில் பள்ளிக் கணிப்பொறிக் கல்வி 1984-85இல், 250 பள்ளிகளுடன் ‘கிளாஸ்’ திட்டம் என்னும் பெயரில் தொடங்கியது. அன்று வந்த பிபிசி மைக்ரோ கணிப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட்டு. நுண்ணிய படம் வரையும் முறையைத் தேர்ந்தெடுத்தால் அதில் 20 கிலோபைட்டைத் திரையே எடுத்துக்கொள்ளும்! எஞ்சிய சிற்றிடத்தில் பேசிக் மொழிக் கட்டளைகளால் கோடும் முக்கோணமும் வரைந்த மாணவர்கள் பலர். பொருள்நோக்கு முறை அங்கு இல்லை. ஆனால் எழுதியதன் விளைவு உடனே கண்முன் தோன்றும் மகிழ்ச்சி இருந்தது. பின்னர் வந்த பாடத்திட்டங்களில் மொழிகள் வளர்ந்தன; அந்த மகிழ்ச்சி குறைந்தது.

திரை என்னும் வயல்

கணிப்பொறித் திரை சிறு புள்ளிகளால் ஆகியது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் இரு எண்களால் முகவரி உண்டு. இங்கே மாணவனுக்கு முதல் வியப்பு காத்திருக்கிறது. கணித வகுப்பில் தொடக்கப் புள்ளியிலிருந்து மேலே செல்லச் செல்ல எண் கூடும்; திரையிலோ பெரும்பாலான மொழிகளில் தொடக்கப் புள்ளி இடப்பக்க மேல் மூலையில் இருப்பதால், கீழே இறங்கினால்தான் எண் கூடும். தொலைக்காட்சிக் குழாயில் ஒளிக்கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படம் எழுதிய பழக்கம் இதற்குக் காரணம். பிபிசி மைக்ரோவின் பேசிக் மொழியில் தொடக்கப் புள்ளி இடப்பக்கக் கீழ் மூலையில் இருந்தது; பைத்தான் மொழியின் ‘ஆமை’ வரைகலையில் அது திரையின் நடுவில் உள்ளது. ஆசிரியர் முதல் நாளிலேயே இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டால், தலைகீழாக நிற்கும் வீடுகள் பல தவிர்க்கப்படும்.

வட்டத்தை எந்தெந்தப் புள்ளிகளால் ஆக்குவது என்பது தனிக் கணக்கு. அக்கணக்கை மொழியே செய்துகொள்கிறது. தொடக்க மாணவன் அதில் நுழைய வேண்டியதில்லை. உட்கணக்கு மறைந்திருக்க, ‘உன்னை வரைந்துகொள்’ என்னும் கட்டளை மட்டும் வெளியே தெரிவதையே உறைபொதியாக்கம் என்று நூல்கள் கூறுகின்றன. பொருளியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. வேலைப் பங்கீடு என்னும் பழைய கருத்து வேறு உடை உடுத்தி வந்திருக்கிறது, அவ்வளவே.

வீடும் கதிரவனும்

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்லிங், ஜான் ரோசன்பெர்க் ஆகியோர் தொடங்கிய ‘புளூஜே’ என்னும் கற்றல் கருவி 1999இல் வெளிவந்தது. ஜாவா மொழி கற்பிக்கும் இந்தியப் பள்ளிகள் பலவற்றில் இது கட்டணமின்றிப் பயன்பட்டு வருகிறது. இதனுடன் வழங்கப்படும் முதற் பயிற்சியே வட்டம், சதுரம், முக்கோணம் முதலிய இனக்குழுக்கள்தாம். பயிற்சியைத் திறந்தால் அவற்றுக்குரிய கட்டங்கள் தெரியும். ‘வட்டம்’ என்னும் கட்டத்தைச் சுட்டி ‘புதியது ஒன்று’ என்று கேட்டால், திரையின் அடியில் ஒரு சிறு சிவப்புப் பெட்டி தோன்றும். அதுவே பொருள்.

ஆனால் படப் பலகையில் வட்டம் தெரிவதில்லை. ‘பொருள் உண்டாகிவிட்டது என்கிறீர்களே, வட்டம் எங்கே?’ என்று மாணவர்கள் கேட்கும் இக்கேள்வியே பாடத்தின் திறவுகோல். பொருள் என்பது படம் அன்று. விட்டம், நிற்கும் இடம், நிறம், தெரிகிறதா இல்லையா என்னும் செய்திகளை நினைவகத்தில் ஏந்தி நிற்கும் ஒன்று அது. படம் அதன் வெளித்தோற்றம். ‘தெரியும்படி ஆகு’ என்னும் கட்டளை பெற்ற பின்னரே அது பலகையில் தோன்றும். ‘வலப்பக்கம் நகர்’ என்றால் நகரும்; உள்ளே பார்த்தால் இடத்தைக் குறிக்கும் எண் மாறியிருக்கும். எண் மாறுவதும் படம் நகர்வதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது வட்டங்களை உண்டாக்கினால், மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. எனினும் ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று நீலமாகவும் இருக்கலாம். பிறகு சதுரத்தைச் சுவராகவும், சிறு சதுரத்தைச் சன்னலாகவும், முக்கோணத்தைக் கூரையாகவும், வட்டத்தைக் கதிரவனாகவும் அமைத்து ஒரு வீடு வரையச் சொல்வது வழக்கம். கதிரவனை மெல்லக் கீழே இறக்கிப் பொழுது சாயச் செய்வது அடுத்த பயிற்சி. மையத்திலும் மாநிலங்களிலும் பாடநூல் எழுதுவோர் கருத்தில் கொள்ளத்தக்க எளிமை இது. கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் பைத்தான் வரைகலை ஓர் இயலாகவே இடம்பெற்றதை இங்குக் குறிப்பிடலாம்.

வரைவதற்கு வீடுதான் வேண்டும் என்பதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1974இலேயே கோலங்களைக் கணிப்பொறி அறிவியலின் இலக்கணங்களைக் கொண்டு விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். புள்ளியும் கோடும் திரும்பத் திரும்ப வரும் எந்த வடிவமும் நிரலுக்கு உகந்ததே.

பட்டாவும் நகலும்

உருவம் வரையும் பயிற்சியில் தவறாமல் நேரும் பிழை ஒன்றுண்டு. வானில் இரண்டு கதிரவன்கள் வேண்டும் என்று மாணவனிடம் கூறினால், அவன் ‘கதிரவன்-2 என்பது கதிரவன்-1’ என்று எழுதிவிட்டு, இரண்டாவதை வலப்பக்கம் நகர்த்துகிறான். திரையில் ஒரே கதிரவன்தான் நிற்கிறது. அதுவும் வலப்பக்கம் போய்விட்டது. முதற் கதிரவன் எங்கே மறைந்தது என்று தேடுகிறான்.

அவன் செய்தது புதிய பொருளை உண்டாக்குவது அன்று. இருக்கும் பொருளுக்கு இரண்டாவது பெயர் சூட்டியதே. நில உரிமை ஆவணங்களுடன் பழகியோர் இதை எளிதில் உணர்வர். ஒரு பட்டாவுக்கு எத்தனை நகல் எடுத்தாலும் நிலம் ஒரு சென்ட் கூடக் கூடுவதில்லை. எந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பை மாற்றினாலும், மாறுவது அதே நிலத்தின் வரப்புதான். இரண்டாவது நிலம் வேண்டுமாயின் இரண்டாவது நிலத்தைத்தான் பெற வேண்டும். அதாவது, இனக்குழுவிடம் மீண்டும் ‘புதியது ஒன்று’ என்று கேட்க வேண்டும்.

எண்களை மட்டுமே கையாளும் நிரல்களில் இப்பிழை மறைந்து கிடந்து, பல நாள் கழித்துத் தவறான கணக்காக வெளிப்படும். வங்கிக் கணக்கு ஒன்றுக்கு இரு பெயர் ஏற்பட்டு, ஒரு பெயரில் செய்த திருத்தம் மற்றொன்றிலும் நிகழ்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திரையிலோ பிழை அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. உருவங்களைக் கொண்டு கற்பிப்பதன் பெரும்பயன் இதுவே. படம் அழகாக இருப்பது உபரி.

ஒரே கட்டளை, பல விடைகள்

புளூஜேயின் முதற் பயிற்சியில் வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றும் தனித்தனியாகவே எழுதப்பட்டுள்ளன. நிரலைத் திறந்து பார்க்கும் கூரிய மாணவன், ‘வலப்பக்கம் நகர்’ என்னும் பகுதி மூன்றிலும் அப்படியே திரும்ப வருவதைக் காண்பான். ஒன்றில் திருத்தினால் மூன்றிலும் திருத்த வேண்டும். இத்தொல்லையை உணர்ந்த பின்னரே மரபுரிமத்தைக் கூறுதல் வேண்டும். பொதுவானவற்றை ‘உருவம்’ என்னும் தாய் இனக்குழுவில் ஒருமுறை எழுதிவிட்டால், வட்டமும் சதுரமும் முக்கோணமும் அவற்றை உரிமையாகப் பெறுகின்றன. தத்தமக்கு உரியதை மட்டும் தாமே வைத்துக்கொள்கின்றன. நோய் தெரியாதவனிடம் மருந்தைப் புகழ்வதால் பயனில்லை.

இதன்பின் பல்லுருவாக்கம் தானே வந்து சேரும். 7 அலகு ஆரமுள்ள வட்டம், 12க்கு 8 அலகுள்ள செவ்வகம், அடி 10, உயரம் 6 கொண்ட முக்கோணம் ஆகிய மூன்றும் ஒரு பட்டியலில் உள்ளன எனக் கொள்வோம். பட்டியலிலுள்ள ஒவ்வொன்றிடமும் ‘உன் பரப்பு என்ன?’ என்று ஒரே வினாவைக் கேட்டால், வட்டம் ஏறத்தாழ 154 என்றும், செவ்வகம் 96 என்றும், முக்கோணம் 30 என்றும் தத்தம் வாய்பாட்டின்படி விடையளிக்கும். கேட்பவர் எந்த வாய்பாட்டையும் அறிய வேண்டியதில்லை. கூட்டுத்தொகை 280. நாளை அறுகோணம் ஒன்று பட்டியலில் சேர்ந்தாலும், கேட்கும் பகுதியில் ஓர் எழுத்தும் மாறாது. ஊர் வரைபடத்தில் அடிகுழாயை வட்டமாகவும், பள்ளியைச் சதுரமாகவும், நலவாழ்வு மையத்தை முக்கோணமாகவும் குறிக்கும் நிரலை மேல்வகுப்பு மாணவர்கள் இவ்வாறே அமைக்கலாம்.

சதுரம் செவ்வகம்தானா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதைப் பாடநூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டால் வகுப்பு களைகட்டும்.

‘இது அதன் ஒரு வகை’ என்று கூற முடிந்தால் மரபுரிமம் பொருந்தும் என்பது மாணவர்க்குக் கற்பிக்கப்படும் விதி. சதுரம் செவ்வகத்தின் ஒரு வகை என்பது வடிவியல் கூறும் உண்மை. எனவே செவ்வகத்தைத் தாயாகவும் சதுரத்தைச் சேயாகவும் அமைத்தல் சரியென்றே தோன்றும். செவ்வகத்திற்கு ‘அகலத்தை மட்டும் மாற்று’ என்னும் செயல் உள்ளது. இப்போது 5க்கு 5 அளவுள்ள சதுரம் ஒன்றைச் செவ்வகமாகவே கருதும் நிரல் ஒன்று, அதன் அகலத்தை 8 ஆக்குகிறது. பரப்பு 40 ஆக வேண்டும் என்பது அந்நிரலின் எதிர்பார்ப்பு. சதுரமோ சதுரமாகவே இருக்க வேண்டுமாதலால் உயரத்தையும் 8 ஆக்கிக்கொள்கிறது. பரப்பு 64 ஆகிவிடுகிறது. உயரத்தை 5 ஆகவே விட்டுவிட்டால் பரப்பு சரியாக வரும். ஆனால் அது சதுரம் அன்று. எப்புறம் திரும்பினாலும் ஏதேனும் ஒன்று பொய்க்கிறது.

பிழை வடிவியலில் இல்லை. வடிவியலின் சதுரம் மாறுவதில்லை. நிரலின் சதுரமோ கட்டளைக்கு ஏற்ப மாறக்கூடியது. ‘என்ன வகை’ என்று கேட்பது போதாது. தாயிடம் எதிர்பார்க்கும் ஒவ்வொரு செயலையும் சேய் அதே நம்பகத்துடன் செய்யுமா என்றும் கேட்க வேண்டும். அமெரிக்க அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஓர் உரையில் முன்வைத்து, 1994இல் ஜெனெட் விங் அவர்களுடன் சேர்ந்து செம்மையாக வகுத்த கோட்பாடு இதுவே. அளவு மாற்றும் செயல்களை நீக்கிவிட்டால் சிக்கல் மறையும்; அல்லது செவ்வகத்தையும் சதுரத்தையும் உடன்பிறப்புகளாக ‘உருவம்’ என்னும் தாயின் கீழ் வைக்கலாம். எது சிறந்தது என்று மாணவர்கள் வாதிடட்டும். கல்லூரி முடித்து மென்பொருள் நிறுவனங்களில் சேர்ந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. இதைப் பதினைந்து வயதில் ஒரு சதுரத்தைக் கொண்டு புரிந்துகொள்ள முடிகிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இப்பயிற்சிக்கு இணையம் இன்றியமையாதது அன்று. புளூஜேயை ஒருமுறை நிறுவிவிட்டால் போதும்; பைத்தானின் ஆமை வரைகலை அம்மொழியுடனேயே வழக்கமாகக் கிடைத்துவிடுகிறது. சில ஆண்டுகள் பழையனவாகிவிட்ட கணிப்பொறிகளிலும் இவை இயங்கும். இணைப்பு வந்த பின்னரே கற்பிக்க இயலும் எனக் காத்திருக்கும் பள்ளிகள் இதனை நோக்குதல் நன்று.

மொழித் தடை பற்றியும் ஒரு சொல். நிரல் மொழியின் அடிப்படைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. அவை சில பத்துச் சொற்களே. இனக்குழுக்களுக்கும் பொருள்களுக்கும் மாணவர் இடும் பெயர்கள் தமிழிலோ வங்காளத்திலோ தேவநாகரியிலோ இருக்கப் பைத்தானின் மூன்றாம் பதிப்பும் ஜாவாவும் இடமளிக்கின்றன. ‘கூரை’ என்று பெயரிட்ட முக்கோணத்தை நகர்த்தும் சிறுமிக்கு, பொருளற்ற ஆங்கில எழுத்து ஒன்றால் பெயரிட்டதை விடத் தான் செய்வது இன்னதென்று தெளிவாகவே இருக்கும்.

மூவருக்கு ஒரு கணிப்பொறி என்பது பல பள்ளிகளின் நிலை. அதையும் பயனுள்ளதாக்கலாம். ஒருவர் விசைப்பலகையில் இருக்க, மற்றொருவர் கட்டமிட்ட தாளில் அடுத்த கட்டளைக்குப் பின் உருவம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே வரைய வேண்டும். மூன்றாமவர் பொருள்களின் பெயர்களையும் அவை ஏந்தும் எண்களையும் அட்டவணையாக எழுதிவர வேண்டும். தாளும் திரையும் வேறுபடும் இடத்தில் மூவரும் கூடி ஆராய்வர். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்பதை ஆசிரியர் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் நலம். இல்லையேல் விசைப்பலகை ஒருவர் கையிலேயே தங்கிவிடும், பெரும்பாலும் பையன்கள் கையில்.

தேர்வு முறை மாறாதவரை இவை எதுவும் நிலைக்கப் போவதில்லை. வரையறை கேட்கும் இரு மதிப்பெண் வினாவிற்குப் பதிலாக, செய்முறைத் தேர்வில் வீடும் கதிரவனும் உள்ள நிரல் ஒன்றைக் கொடுத்து, இரண்டாவது கதிரவனைச் சேர்க்கவும், அது மறையும்போது வீட்டின் பின்னால் செல்லும்படி வரையும் வரிசையை மாற்றவும் சொல்லலாம். அதை மதிப்பிட ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். மனப்பாடம் அங்கே உதவாது.